கிரேக்கக் கடவுள்களைத் தேடிப் போகிறீர்களா? கதையில் தொடங்கி விசா, டிக்கெட், பேருந்து வரை

ஜீயஸ், அதீனா, அப்பல்லோ கதைகளைப் படித்துவிட்டு "ஒரு தடவை அந்த இடங்களை நேரில் பார்த்துவிட வேண்டும்" என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கிளம்பியபோது விவரங்கள் பத்து இடத்தில் சிதறிக் கிடந்தன. அதில் பாதி பழைய கட்டணம், பழைய விதி. சுற்றுலா ஏற்பாட்டாளர்களைக் கேட்டால் அக்ரோபோலிஸ் ஒரு நாள், சாண்டோரினி மூன்று நாள், மைகொனோஸ் இரண்டு நாள் என்று ஒரே பட்டியல்தான். கடலும் வெள்ளைச் சுவரும் வேண்டுமென்றால் அது சரி. கடவுள்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது உதவாது. சென்னையிலிருந்து, சொந்த ஏற்பாட்டில், அளவான செலவில் போகிறவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

1. ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கதையைத் தேர்ந்தெடுங்கள்

ஒலிம்பஸ் தெய்வங்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று இறங்கினால் பயணம் முழுக்கப் பேருந்தில்தான் கழியும். கடைசியில் உடைந்த தூண்கள் மட்டும்தான் நினைவில் இருக்கும். எல்லா ஊரிலும் தூண் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் கதை தெரிந்தால்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியும்.

அதனால் ஒரு கதைக்கருவைப் பிடித்துக்கொள்ளுங்கள். உலகப் புராணங்களில் திரும்பத் திரும்ப வருகிற கருவாக இருந்தால் நமக்கு இன்னும் எளிது, ஏற்கெனவே பாதிக் கதை தெரிந்திருக்கும். பாதாளத்துக்குப் போய்த் திரும்புகிற கதை பிடிக்குமென்றால் எலெஃப்ஸினா. பாம்பைக் கொன்ற தெய்வமும் பிரளயமும் வேண்டுமென்றால் டெல்ஃபி. ஒளித்து வளர்க்கப்பட்ட குழந்தையின் கதை என்றால் கிரீட் தீவு. கொல்லன் கடவுள் என்றால் ஏதென்ஸை விட்டு எங்கும் போகவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தவர் அந்தக் கொல்லன்தான், ஹெபைஸ்டஸ். கால் ஊனம் என்று சொந்தத் தாயே தூக்கி வீசிய பிள்ளை. மற்ற தெய்வங்கள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் உலைக்கு முன்னால் வேர்வை சிந்திக்கொண்டிருப்பார். அவர்களுடைய ஆயுதங்களில் பலவும் இவர் கையால் வந்தவைதான். வட ஐரோப்பியக் கதைகளில் வேலண்ட் என்ற கொல்லன் வருகிறான், அவனும் நடக்க முடியாதவன்தான். கால் நரம்பை வெட்டி அடைத்துவைத்து வேலை வாங்குகிறான் ஒரு ராஜா. நம் விஸ்வகர்மாவுக்கு இந்த ஊனம் கிடையாது. ஏன் என்று யோசித்துக்கொண்டே போகலாம், விமானத்தில் நிறைய நேரம் இருக்கிறது.

2. கிளம்பும் முன் படிக்க வேண்டியவை

இதற்குக் காசு செலவாகாது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எலெஃப்ஸினா போகிறவர்கள், தானியத் தெய்வமும் பெர்செபொனியின் தாயுமான டெமெட்டருக்கான ஹோமரியத் துதியைப் படியுங்கள். ஐந்நூறு வரிக்குள்தான் வரும், ஒரு மாலை போதும். கிரீட் போகிறவர்களுக்குப் பழைய கிரேக்கக் கவிஞர் ஹெஸியோட் தெய்வங்களின் பிறப்பைப் பாடிய 'தியோகொனி'. அதுவும் ஏறக்குறைய ஆயிரம் வரிதான். மற்றதற்கெல்லாம் அப்பல்லோடோரஸ் தொகுத்த கதைகளை அகராதி போல வைத்துக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, ஒரே கதைக்கு ஒரே வடிவம் என்று நினைப்பது. பாதாள ராஜா ஹேடிஸ் தூக்கிப்போன பெர்செபொனி மாதுளை விதையைத் தின்றதால் முழுதாகத் திரும்பிவர முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஹோமரியத் துதியில் ஒரு விதை, வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு பாதாளத்தில். ரோமானியக் கவிஞர் ஓவிடிடம் ஏழு விதை, ஆறு மாதம். அங்கே இருக்கும் சிற்பங்கள் கிரேக்க வடிவத்தைத்தான் பின்பற்றுகின்றன. ரோமானிய வடிவத்தை மட்டும் படித்துவிட்டுப் போனால் சிற்பத்தில் யார் எவர் என்றே பிடிபடாது.

இரண்டாவது பொறி நமக்கே உரியது. ஏதாவது ஒற்றுமை கண்ணில் பட்டதும் "இது நம்மிடமிருந்து போனது" என்று சொல்லத் தோன்றும். கிரேக்கர்களும் இதையேதான் செய்தார்கள். சந்திரகுப்த மௌரியர் காலத்துக் கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் இங்கே வந்து பார்த்துவிட்டு, மதுரா பக்கத்தில் கும்பிடப்படுபவர் ஹெராக்ளீஸ்தான் என்று எழுதினார். அந்த ஹெராக்ளீஸுக்குப் பாண்டையா என்று ஒரு மகள், அவளுக்கு ஒரு நாட்டையே கொடுத்தார் என்றும் கதை வருகிறது. பாண்டிய நாட்டைத்தான் சொல்கிறார் என்று பலரும் கருதுகிறார்கள். ஆக, அந்நியக் கடவுளை நம் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பழைய பழக்கம். ஒற்றுமை மூன்று வழியில் வரலாம்: பொதுவான மூதாதையரிடமிருந்து வந்தது, பக்கத்து ஊரிலிருந்து கடன் வாங்கியது, மனிதர்கள் எங்கும் ஒரே மாதிரி யோசிப்பதால் தானாகவே தோன்றியது. எது எந்த வழி என்று கேட்டுக்கொண்டே பாருங்கள், பயணம் ருசியாக இருக்கும்.

3. எந்த மாதம், எத்தனை நாள்

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். "நாம் பார்க்காத வெயிலா" என்று நினைப்போம். பளிங்குப் பாறைமேல் நிழலே இல்லாமல் நிற்பது வேறு. வெப்ப அலை வந்தால் அக்ரோபோலிஸையே மதியத்தில் மூடிவிடுகிறார்கள், கடந்த சில கோடைகளில் இது நடந்திருக்கிறது. ஆகஸ்ட் 15 அங்கே பெரிய மாதா திருநாள், கப்பலிலும் பேருந்திலும் இடம் கிடைக்காது.

நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டமும் ஓட்டல் வாடகையும் குறைவு. மாதத்தின் முதல் ஞாயிறு அரசுத் தொல்லியல் இடங்களுக்கு அனுமதி இலவசம். ஆனால் பல இடங்களை மதியம் மூன்றரை மணிக்கே மூடிவிடுவார்கள். டெலோஸ் தீவுக்குக் குளிர்காலத்தில் படகு கிடையாது.

ஈஸ்டர் தேதியை மறக்காமல் பாருங்கள். அவர்களுடையது ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர், நம் காலண்டரில் போட்டிருக்கும் ஈஸ்டரோடு பெரும்பாலும் ஒத்துவராது. 2027-இல் அது மே 2. அன்றைக்கு எல்லாமே மூடியிருக்கும். அதேபோல ஜனவரி 1, மார்ச் 25, மே 1, டிசம்பர் 25, 26.

நாள் கணக்கு: ஏதென்ஸ், எலெஃப்ஸினா, டெல்ஃபி மட்டும் என்றால் ஆறு நாள் தாராளம். கிரீட்டையும் சேர்த்தால் பத்து.

4. விசா: எந்தக் காகிதம், எப்போது

கிரீஸ் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. விதிப்படி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை போகலாம். ஆனால் உண்மையில் தாமதம் ஆவது அங்கே இல்லை, விசா மையத்தில் விரல் ரேகை வைக்க நேரம் கிடைப்பதில்தான். ஏப்ரல், மே பயணத்துக்கு ஜனவரியிலேயே நேரத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் கட்டிய பணம் திரும்பி வராது.

காகிதங்களில் கவனிக்க வேண்டியவை இவை. பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டு வெளியே வரும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். பயணக் காப்பீட்டில் மருத்துவச் செலவுக்கு குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும், அது ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். "உலகம் முழுக்க" என்று போட்ட பாலிசியில் தொகை டாலரில் இருந்தால் யூரோவுக்கு மாற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. வேலையில் இருப்பவர்களுக்கு விடுமுறைக் கடிதம், சம்பளச் சீட்டு. கூடவே வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரி ரிட்டர்ன். எத்தனை மாதம், எத்தனை வருஷத்துக்கு என்பதை மையத்தின் தற்போதைய பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

வங்கி அறிக்கையில், விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று இரண்டு லட்சம் வந்து விழுந்திருந்தால் அது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். மாமாவிடம் கைமாற்று வாங்கிப் போட்டுக் காட்டும் வேலை வேண்டாம்.

நம் மாதிரிப் பயணத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் நாள்வாரித் திட்டம். எலெஃப்ஸினாவுக்கு எந்தச் சுற்றுலாக் குழுவும் போவதில்லை, கிரீட்டில் இருக்கும் சைக்ரோ குகையைப் பற்றி விசா அதிகாரி கேள்விப்பட்டிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. முகப்புக் கடிதத்தில் டெமெட்டர் பெருமையெல்லாம் எழுத வேண்டாம். தேதி, ஊர், பார்க்கும் தொல்லியல் இடம், தங்கும் ஓட்டல், போகும் வண்டி என்று ஒரு அட்டவணை போதும். கடிதத்தில் சொன்ன ஊரும் ஓட்டல் பதிவில் இருக்கும் ஊரும் ஒரு இரவுகூட மாறக் கூடாது. கேள்வி வருவது அங்கேதான். ஓட்டலைக் கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். விமானத்துக்கு விசா வரும் வரை முன்பதிவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பணம் கட்டிவிடாதீர்கள்.

கிரீஸோடு இத்தாலியையும் சேர்க்கிறீர்களா? எந்த நாட்டில் அதிக நாளோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அந்த நாடு.

5. செலவு

ஒரு யூரோ நூறு ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டு, மொத்தத்தில் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து தோஹா, துபாய், அபுதாபி வழியாகப் போய்வர டிக்கெட் பருவத்தைப் பொறுத்து 55,000 முதல் 80,000 வரை ஆகலாம். ஏதென்ஸில் மெட்ரோவுக்குப் பக்கத்தில் சுமாரான ஓட்டல் அறை 80, 90 யூரோ. சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 யூரோ. எட்டு நாளைக்கு, இரண்டு பேர் ஒரே அறையில் என்றால் தலைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் நடுவில் முடித்துவிடலாம். கிரீட்டுக்கு இன்னும் ஒரு முப்பதாயிரம்.

ஓட்டல் பதிவில் கண்ணில் படாத ஒரு செலவு இருக்கிறது: காலநிலைக் கட்டணம். 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களில் மூன்று நட்சத்திர ஓட்டலுக்கு ஒரு இரவுக்கு அறைக்கு 5 யூரோ, நான்கு நட்சத்திரத்துக்கு 10, ஐந்துக்கு 15. இணையத்தில் முழுப் பணமும் கட்டியிருந்தாலும் இதை ஓட்டல் முன்மேசையில் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட வேண்டாம், அரசாங்க வரிதான். ஏழு இரவு நான்கு நட்சத்திரம் என்றால் 70 யூரோ, ஞாபகம் இருக்கட்டும்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர மெட்ரோ உண்டு. அதைவிட மலிவு எக்ஸ்95 பேருந்து, இரவு முழுக்க ஓடும், சின்டாக்மா சதுக்கத்தில் இறக்கிவிடும். நகரப் பேருந்துக்கான சாதாரண டிக்கெட் விமான நிலையத்துக்குச் செல்லாது. தெரியாமல் ஏறினால் அபராதம்.

6. டிக்கெட்

2025 ஏப்ரலில் எல்லாம் மாறிவிட்டது. ஏழு இடங்களுக்குச் சேர்த்து 30 யூரோ என்ற பழைய கூட்டு டிக்கெட் இப்போது இல்லை. இன்னும் நிறையப் பயணக் குறிப்புகளில் அது இருக்கிறது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இப்போது அக்ரோபோலிஸுக்கு மட்டுமே 30 யூரோ. டெல்ஃபி போன்ற பெரிய இடங்கள் 20 யூரோ. சிறிய இடங்கள் அதைவிடக் குறைவு. அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். டெல்ஃபியில் அப்படி இல்லை, அருங்காட்சியகமும் சேர்த்துத்தான்.

அக்ரோபோலிஸ் டிக்கெட்டில் நுழையும் நேரம் குறித்திருக்கும். காலை 8 மணி நேரத்தைப் பிடியுங்கள், அது கிடைக்காவிட்டால் மாலை கடைசி இரண்டு மணி நேரம். கலாச்சார அமைச்சகத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே வாங்குங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்களின் விளம்பரம், அதே டிக்கெட்டை இரண்டு மடங்கு விலைக்கு "வரிசை இல்லை" என்று விற்பார்கள். வாங்கும் முன் உங்கள் வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பணம் கட்டும் நேரத்தில் அட்டை மறுக்கப்படும், அதற்குள் 8 மணி இடம் போய்விடும்.

7. ஏதென்ஸ்: கொல்லன் கோயிலும் கை உயர்த்திய சிலையும்

அக்ரோபோலிஸைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதற்குக் கீழே பழைய அகோரா திடலில், ஒரு மேட்டின் மேல் ஹெபைஸ்டஸ் கோயில் இருக்கிறது. அக்ரோபோலிஸ் மேல் இருக்கும் அதீனா கோயிலான பார்த்தெனனில் சாரமும் பழுதுபார்ப்பும் எப்போதும் நடந்துகொண்டிருக்கும். இங்கே 34 தூண்களும் நிற்கின்றன, மேல்கூரையின் பெரும்பகுதிகூட இருக்கிறது. பல நூற்றாண்டு தேவாலயமாகப் புழக்கத்தில் இருந்ததால் பிழைத்தது.

உள்ளே போக முடியாது, கயிறு கட்டியிருப்பார்கள். கோயிலின் மேற்குப் பக்கம் போய், வெளித்தூண்களுக்கு நடுவே உள்சுவரின் மேல்பட்டையை அண்ணாந்து பாருங்கள். நடுவில் ஒருவன் இடுப்பு வரை மண்ணுக்குள் போயிருப்பான். இரண்டு பக்கமும் இரண்டு குதிரை மனிதர்கள் பெரிய பாறையைத் தூக்கி அவன் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அவன் பெயர் கைனியஸ். எந்த ஆயுதமும் அவன் உடம்பைத் துளைக்காது என்று கடல் தெய்வம் பொசைடன் வரம் கொடுத்திருந்தார். துளைக்கத்தானே முடியாது, புதைக்கலாமே என்று எதிரிகள் யோசித்தார்கள். இரணியன் கதை தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பகலும் இல்லை இரவும் இல்லை, உள்ளும் இல்லை வெளியும் இல்லை என்று வரத்தில் இருக்கும் ஓட்டையைத் தேடுகிற கதை இது. வட ஐரோப்பியத் தெய்வமான பால்டரின் கதையிலும் அதே ஓட்டைதான்: உலகத்தில் எல்லாப் பொருளிடமும் சத்தியம் வாங்கிய தாய், சின்னச் செடி என்று ஒன்றை விட்டுவிடுகிறாள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், சிற்பம் உயரத்தில் இருக்கிறது, தேய்ந்தும் போயிருக்கிறது.

அடுத்து தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். எலெஃப்ஸினா போகும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். அங்கே கிடைத்த மிகச் சிறந்த சிற்பம் இங்கேதான் இருக்கிறது: டெமெட்டர், மகள் பெர்செபொனி, நடுவில் ட்ரிப்டோலெமஸ் என்ற பையன், மூவரும் ஒரே பலகையில். தாய் பையனிடம் எதையோ கொடுக்கிறாள், கையில் பொருள் இல்லை. தங்கத்தில் செய்து வைத்த கோதுமைக் கதிராக இருந்திருக்கும் என்று சொல்கிறார்கள். இன்னொரு கூடத்தில் ஆர்டெமிசியோன் முனைக் கடலில் கிடைத்த வெண்கலச் சிலை, இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம், எதையோ எறியக் கை ஓங்கி நிற்கிறது. கையிலிருந்த ஆயுதம் போய்விட்டது. இடியாக இருந்தால் ஜீயஸ், திரிசூலமாக இருந்தால் பொசைடன். அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆயுதத்தை வைத்துத்தான் தெய்வத்தை அடையாளம் காண்பது என்ற வழக்கம் வேலும் சூலமும் பார்த்து வளர்ந்த நமக்குப் புதிதில்லை.

சிலைக்குப் பக்கத்தில் அதே போல் கை ஓங்கி நின்று படம் எடுக்காதீர்கள். காவலர்கள் உடனே சத்தம் போடுவார்கள், அங்கே அதை அவமரியாதையாகப் பார்க்கிறார்கள். சும்மா படம் எடுக்கலாம், ஃப்ளாஷ் கூடாது.

8. எலெஃப்ஸினா: அரை நாள்

ஏதென்ஸிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர். ஊர் நடுவிலிருந்து ஏ16 நகரப் பேருந்து போகிறது, சாதாரண டிக்கெட்தான். பழைய காலத்தில் பக்தர்கள் நடந்துபோன பாதைக்கு 'இயெரா ஓதோஸ்', அதாவது புனித வழி என்று பெயர், இன்றும் அந்தத் தெருவுக்கு அதே பெயர்தான். நடந்து போக ஆசைப்படாதீர்கள், லாரிகள் ஓடும் பெருஞ்சாலையும் எண்ணெய் ஆலைகளும்தான் இருக்கின்றன. சில நாட்களில் விடுமுறை இருக்கும். செவ்வாய்க்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, மற்ற நாட்களுக்கும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நுழைந்ததும் பெரிய நுழைவாயிலுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு கிணறு. மகளைத் தேடி அலைந்த டெமெட்டரின் கதையோடு சேர்ந்த கிணறு அது. கொஞ்சம் மேலே போனால் வலப்பக்கம் பாறையில் ஆழமில்லாத ஒரு குகை. ஹேடிஸின் வாசல் அதுதான். ஏமாற்றமாக இருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆடு மழைக்கு ஒதுங்கும் அளவுதான் இருக்கிறது. ஆனால் கதையைப் படித்துவிட்டு வந்தவர்கள் அங்கே கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

சுமேரியக் கதையில் இனன்னா பாதாளத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிறாள். அவளுக்குப் பதிலாகக் கணவன் டுமுசி பாதி வருஷமும் அவன் தங்கை பாதி வருஷமும் கீழே இருக்கிறார்கள். ஜப்பானில் இசனாமி பாதாளச் சோற்றைத் தின்றுவிட்டேன், இனி வர முடியாது என்கிறாள். அதே மாதுளை விதைதான். செத்த வீட்டில் கை நனைப்பதற்கு நம்மிடமும் எத்தனை கட்டுப்பாடு! கிரேக்கத்தில் ஆர்ஃபியஸ் பாடியே பாதாளத்தை மயக்கி மனைவியை அழைத்துவந்தவன், கடைசி அடியில் திரும்பிப் பார்த்து இழந்துவிட்டான். பேசியே எமனை மடக்கிய சாவித்திரி மட்டும்தான் முழுதாக ஜெயித்து வந்தாள்.

9. டெல்ஃபி: ஒரு இரவு தங்குங்கள்

ஏதென்ஸின் லியோசியோன் தெருப் பேருந்து நிலையத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம், 180 கிலோமீட்டர். மெட்ரோ நிலையத்திலிருந்து அந்த நிலையம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, பெட்டியோடு என்றால் டாக்சி எடுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பலாம்தான். ஆனால் எல்லாச் சுற்றுலா வண்டியும் பதினொரு மணிக்கு வந்து இறங்கும். ஊரில் தங்கினால் காலை எட்டு மணிக்குக் கூட்டம் இல்லாமல் ஏறிவிடலாம். ஓட்டல் வாடகை ஏதென்ஸைவிடக் குறைவுதான். திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கியவுடனே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஞாயிறு மாலை இடம் சீக்கிரம் நிரம்பும்.

ஒரே இடத்தில் மூன்று கதை கிடைப்பதால் நேரம் குறைவாக இருக்கிறவர்களுக்கு நான் டெல்ஃபியைத்தான் சொல்வேன்.

ஒன்று, அப்பல்லோ இங்கே பைத்தான் என்ற பாம்பைக் கொன்றார். இந்திரன் விருத்திரனைக் கொன்றது, பாபிலோனில் மர்டுக் தியாமத்தைக் கொன்றது எல்லாம் இந்த வரிசையில் வருகின்றன. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வெற்றி அல்ல, அதற்குப் பிறகு நடந்தது. கொன்ற பாவத்தைத் தீர்க்க அப்பல்லோ வடக்கே டெம்பி பள்ளத்தாக்குக்குப் போனதாக ஒரு மரபு. இந்திரனும் பிரம்மஹத்தி தோஷத்துக்குப் பயந்து தாமரைத் தண்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான். கொல்லப்பட வேண்டியவனைக் கொன்றாலும் கொலை கொலைதான் என்பது ராமேஸ்வரம் போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டு, மேலே நிற்கும் பர்னாஸஸ் மலை. பிரளயத்தில் டியூகாலியனும் பிர்ராவும் மிதந்துவந்த பெட்டி அதன்மேல் தட்டியது. மனுவின் ஓடம் இமயத்தில் நின்றது போல. தண்ணீர் வடிந்ததும் இருவரும் கற்களைத் தோளுக்குப் பின்னால் எறிய, கற்கள் மனிதர்கள் ஆயின. நீங்கள் கல் எதையும் பொறுக்கிப் பையில் போடாதீர்கள். தொல்லியல் இடத்திலிருந்து எதை எடுத்தாலும் குற்றம், சின்னப் பளிங்குத் துண்டுக்கும் விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டி வரும்.

மூன்றாவதும் ஒரு கல்தான். பெற்ற பிள்ளைகளையே விழுங்கிக்கொண்டிருந்த ஜீயஸின் அப்பன் க்ரோனோஸுக்கு, குழந்தை ஜீயஸ் என்று சொல்லித் துணியில் சுற்றிக் கொடுத்த கல். பிறகு அவன் கக்கியதை ஜீயஸ் இங்கே நட்டுவைத்தார் என்று ஹெஸியோட் சொல்கிறார். அருங்காட்சியகத்தில் இருக்கும் 'உலகத்தின் தொப்புள்' கல் வேறு, இது வேறு. சில வழிகாட்டிகள் இரண்டையும் குழப்பிவிடுவார்கள்.

10. கிரீட், மற்றவை

அந்தக் கல்லின் முன்கதைதான் கிரீட். ஜீயஸ் பிறந்த இடமாகச் சொல்லப்படும் சைக்ரோ குகை, ஹெராக்லியனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், லசிதி பீடபூமியில். பேருந்தை நம்ப முடியாது. கார் வாடகைக்கு எடுப்பதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்துவிடுங்கள். குகை பராமரிப்புக்காக மூடப்படுவது உண்டு. தீவுக்கு டிக்கெட் போடும் முன் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே படிகள் ஈரமாக வழுக்கும். அழுகைச் சத்தம் அப்பன் காதில் விழக்கூடாது என்று குகைக்கு வெளியே வீரர்கள் கேடயத்தை மோதிக்கொண்டே ஆடினார்களாம். இங்கே குழந்தைக்குப் பதில் கல், கம்சன் கையில் குழந்தைக்குப் பதில் மாயை.

ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸிலிருந்து இரவுக் கப்பலில் ஏறினால் காலையில் ஹெராக்லியன், ஒரு இரவு ஓட்டல் வாடகை மிச்சம்.

டெலோஸ் அப்பல்லோ பிறந்த தீவு. மைகொனோஸிலிருந்து அரை மணி நேரப் படகு. இரவு தங்க அனுமதி இல்லை. ஜூலை, ஆகஸ்டில் வடக்குக் காற்று வீசினால் படகு ரத்து. அங்கே எகிப்து தெய்வம் ஐசிஸுக்கும் ஒரு கோயில் உண்டு.

ஒலிம்பஸ் மலைக்கு லிடோகோரோ ஊரிலிருந்து ஏற வேண்டும். உச்சி 2,917 மீட்டர், கடைசிப் பகுதி கைகால் ஊன்றி ஏறும் பாறை. பழக்கம் இல்லாதவர்கள் அடிவாரத்தில் டியோன் தொல்லியல் பூங்காவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

11. சின்ன விஷயங்கள்

காலணி அடிப்பகுதி பிடிப்பாக இருக்கட்டும், தேய்ந்த பளிங்கு மழைக்கு முன்பே வழுக்கும். பெரிய பையை அக்ரோபோலிஸுக்குள் விடமாட்டார்கள்.

சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. "நிஸ்டிசிமா" என்று கேளுங்கள். அவர்களின் விரதச் சாப்பாடு, இறைச்சி, பால், முட்டை கிடையாது. ஆனால் சிப்பி, கணவாய் அதில் சேரும், அதை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வேலைநிறுத்தம். முன்கூட்டி அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். கப்பல், மெட்ரோ, சில நேரம் தொல்லியல் இடங்களும்கூட நிற்கும். ஏதென்ஸில் இறங்கியதும் ஓட்டல் முன்மேசையில் இந்த வாரம் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தீவில் வைக்காதீர்கள், ஏதென்ஸிலேயே வையுங்கள்.